நாயகம் கிட்டாரைப் பற்றிய மூன்றாவது படம்

இந்தக் கதையில் ஒரு சிரிப்பு வருகிறது. லேசுப்பட்ட சிரிப்பு இல்லை. போத்தனூர் ரயில்வே இன்ஸ்டிட்யூட் ஹாலின் தகரக்கூரை கடகடவென்று ஆடி, மேலே குடியிருந்த புறாக்கள் எல்லாம் ஒரே மூச்சில் எழுந்து பறந்த சிரிப்பு. அதற்கு முன்னால் எந்தக் காதும் கேட்டிராத சிரிப்பு. ஆனால் அது இப்போது வராது. முதலில் ஒரு மீசை முளைக்க வேண்டும், ஒரு பலாமரம் போக வேண்டும், ஒரு சுவர் எழும்ப வேண்டும், சென்னையிலிருந்து ஒரு குரல் ரயிலேறி வர வேண்டும். சிரிப்பு மட்டும் போதும் என்கிறவர்கள் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம். மற்றவர்கள் கொஞ்சம் நகர்ந்து உட்காருங்கள், ஜோவிதாவுக்கு இடம் வேண்டும்.

ஜோவிதா பிளஸ் டூ படிக்கிறவள். அவள் தொண்டைக்குள் போத்தனூரில் பாதி குடியிருந்தது. பங்குச் சாமியார் பிரசங்கத்தின் நடுவில் மூக்கை உறிஞ்சுவது, ஹெட்மிஸ்ட்ரஸ் கோபம் வந்தால் மட்டும் மெதுவாகப் பேசுவது, மின்வாரிய ஆபீசில் போனை எடுப்பவர் எடுக்கும்போதே சலித்துக்கொள்வது, குக்கர் விசில் வருமா வராதா என்று யோசிப்பது, எல்லாம் அவளுக்கு அத்துப்படி. ஒருநாள் ஸ்டேஷன் அறிவிப்புக் குரலில் அவள் 'பயணிகளின் கனிவான கவனத்திற்கு' என்று ஆரம்பித்துப் பிளாட்பாரத்தை மாற்றி மாற்றிச் சொன்னதில் ஒரு கல்யாண கோஷ்டி சீர்வரிசைத் தட்டோடு பாலம் ஏறி இறங்கி, மறுபடி ஏறி இறங்கியது. இதனால் அவளுக்கு ஒரே ஒரு நஷ்டம்தான். தன் சொந்தக் குரலில் அவள் என்ன சொன்னாலும் ஊரில் ஒருவரும் நம்புவதில்லை. 'இது யாரோட குரல் அம்மணி?' என்று கேட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார்கள்.

அவளுடைய தாத்தா தேவநாயகம், அவள் பிறக்கும் முன்பே போய்ச் சேர்ந்தவர், பம்புசெட் மோட்டார் எரிந்துபோனால் காயில், அதாவது உள்ளேயிருக்கும் செம்புக்கம்பிச் சுருள், கட்டிக் கொடுக்கிற பட்டறை வைத்திருந்தார். ரயில்வே காலனியில் சனிக்கிழமை டான்ஸுக்கு வாசிக்கிற ஒரு துரை, தன் சீமை எலெக்ட்ரிக் கிட்டார் ஊமையாகிவிட்டதென்று கொண்டுவந்து போட, தேவநாயகம் அதன் மூடியைக் கழற்றிப் பார்த்தார். தந்திகளுக்கு அடியில் காந்தம், காந்தத்தைச் சுற்றி முடியைவிட மெல்லிய செம்புக்கம்பி. 'அட, இதுவும் காயில்தானா' என்று கட்டிக் கொடுத்தார். கொடுத்த கையோடு தானே ஒன்று செய்தார். அப்படிப் பிறந்தது நாயகம் கிட்டார். ஒரு தந்தியைத் தட்டிவிட்டால், அடுப்பிலிருக்கும் பாலை இறக்கி, ஆற்றி, குடித்து முடிக்கும்வரை அது நின்று பேசும். தூத்துக்குடி தேவாலயங்களிலிருந்து கோலார் தங்கவயல் டான்ஸ் ஹால்கள்வரை, கல்யாண ஆர்க்கெஸ்ட்ராக்காரர்கள் கையிலும், கல்லூரிப் பையன்கள் தோளிலும் அது போய்ச் சேர்ந்தது. அவருக்குப் பிறகு மூத்தவர் சவரிராஜும் இளையவர் அமலதாஸும் பட்டறையைப் பார்த்துக்கொண்டார்கள். அமலதாஸின் மகள்தான் ஜோவிதா.

இவ்வளவு பேர் வாங்கிய கிட்டாரைப் படம் பிடிக்க ஆள் வராமல் இருக்குமா. டி.வி.க்காரர்கள் வந்து முதல் படம் எடுத்தார்கள். செத்துப்போன தேவநாயகத்துக்குப் பதிலாக ஒரு நடிகரை உட்காரவைத்துக் கம்பி சுற்றவைத்தார்கள், அந்த நடிகருக்குப் பெரிய மீசை, எடுக்கமாட்டேன் என்றுவிட்டார். பின்னணியில் ஒரு குரல், 'கம்பீரமான மீசையோடு போத்தனூர் வீதிகளில் நடந்த தேவநாயகம்' என்றது. படம் ஊர்க்காரர்களுக்காக முதலில் இன்ஸ்டிட்யூட் ஹாலில் காட்டப்பட்டது. வாழ்நாள் முழுவதும் மழுமழுவென்று சவரம் செய்துகொண்ட மனிதருக்கு, மறுநாள் காலையில், பட்டறையில் மாட்டியிருந்த போட்டோவில் மீசை இருந்தது. அவருடைய கல்யாணப் போட்டோவிலும் இருந்தது. அவருக்கு நித்தம் சவரம் செய்த நாவிதருக்கு, மீசையைத் திருத்திவிட்ட ஞாபகமும் சேர்ந்துகொண்டது. 'இடப்பக்கம் எப்பவும் கொஞ்சம் தூக்கலா நிக்குமுங்க' என்று அவரே சொன்னார், சொல்லிவிட்டுத் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

அதே படத்தில், முதல் கிட்டாருக்கு மரம் மாதா கோயில் வளாகத்துப் பலாமரத்தை வெட்டி எடுத்தது என்றும் அந்தக் குரல் சொல்லியிருந்தது. மரம் அதே காலையில் இல்லை. அது நின்ற இடத்தில் பல வருஷத்து மழையில் ஊறிக் கறுத்த ஒரு அடிக்கட்டைதான் இருந்தது, அதன்மேல் ஒரு ஆடு நின்றுகொண்டிருந்தது. முந்தின நாள் அதிலிருந்து பறித்த பழம் மட்டும் சாமியார் பங்களாவில் மிச்சம் இருந்தது. பங்குச் சாமியார், 'இதை யார் வாங்கினது?' என்று கேட்டுவிட்டு இரண்டு சுளை எடுத்துக்கொண்டார்.

ஊர் இதைப் பெரிதுபடுத்தவில்லை. குழாயில் தண்ணீர் வருகிற நேரம் மாறினால் குடத்தை மாற்றி வைக்கிற மாதிரி மாற்றி வைத்துக்கொண்டது. அதற்கென்று இரண்டு வார்த்தைகளும் வந்துவிட்டன: 'பழைய நடப்பு', 'படத்து நடப்பு'. பழைய நடப்பு கனவுபோல் ஒரு ஓரத்தில் கிடக்கும், படத்து நடப்பு கல்போல் நடுவில் நிற்கும், இரண்டையும் வைத்துக்கொண்டு மனிதர்கள் வேலைக்குப் போய் வந்தார்கள். சம்பந்தம் பேச வந்தவர்கள்கூட, 'பையன் குடிக்கமாட்டான்னீங்களே, எந்த நடப்புலைங்க?' என்று கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். சவுண்ட் சர்வீஸ் ஆறுச்சாமி இருக்கிறாரே, அந்த முதல் படம் எடுத்தபோது அவர் கடை திறந்த புதிது. தேவநாயகத்தின் முதல் கச்சேரிக்கு ஸ்பீக்கர் கட்டியது தன் கடைதான் என்று கேமரா முன்னால் ஒரு புளுகு விட்டுப் பார்த்தார். அதைக் குரலும் எடுத்துச் சொன்னது. மறுநாள் கடையைத் திறந்தால், அலமாரி நிறைய துருப்பிடித்த பழைய புனல் ஸ்பீக்கர்கள், சுவரெல்லாம் பழைய புகைக்கரி, கல்லாப்பெட்டிக்கு அடியில் இரண்டு தலைமுறைப் பல்லி. ஆறுச்சாமிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அதற்கப்புறம் போத்தனூருக்குக் கேமராவோடு யார் இறங்கினாலும் ஸ்டேஷனிலேயே மாலை போட்டு, பிரியாணி போட்டு, நல்லபடியாகப் பேசவைத்து அனுப்புவது ஊர் வழக்கமாயிற்று.

இரண்டாவது படம் எடுக்க வந்தவர் பிரியாணி சாப்பிடாதவர். அதுதான் கோளாறு. அவர் அண்ணன் தம்பி இரண்டு பேரையும் தனித்தனியாக உட்காரவைத்துப் பேட்டி கண்டார். 'காயில் எந்தப் பக்கமாச் சுத்துவீங்க?' என்று கேட்டதற்கு, சவரிராஜ் 'வலப்பக்கம்' என்றார். அமலதாஸ் 'இடப்பக்கம்' என்றார். படமெடுப்பவருக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? 'வலமா, இடமா என்ற அந்தப் பிணக்கில் உடன்பிறந்தோர் பிரிந்தனர். அதன்பின் ஒருவரோடு ஒருவர் பேசவில்லை' என்று குரல் சொல்லிவிட்டது.

அந்தப் படத்தை ஹாலில் காட்டிய மறுநாள் காலை தூங்கி எழுந்த ஜோவிதா, அப்போது சின்னப் பெண், பெரியப்பா வீட்டுக்குக் குறுக்கே ஓடப்போய் சுவரில் முட்டிக்கொண்டாள். புதுச்சுவர் இல்லை, பாசி பிடித்து, உச்சியில் அரசங்கன்று முளைத்து, பழைய தேர்தல் சின்னத்தின்மேல் சுண்ணாம்பு அடித்து, அதுவும் உரிந்துபோன சுவர். அது வீட்டுக்கு நடுவில் போய், முற்றத்துக்கு நடுவில் போய், பட்டறைக்குள்ளும் நுழைந்து, காயில் சுற்றும் சக்கரத்தை அப்படியே விழுங்கிக்கொண்டு நின்றது. சக்கரத்தின் ஒரு கைப்பிடி இந்தப் பக்கச் சுவரில் நீட்டிக்கொண்டிருந்தது, இன்னொன்று அந்தப் பக்கம். மரம் இழைக்கிற சாமானெல்லாம் சவரிராஜ் பக்கம், கம்பியும் காந்தமும் அமலதாஸ் பக்கம். உடம்பு ஒருவரிடம், உயிர் ஒருவரிடம். பட்டறை பூட்டிக் கிடந்தது.

'அப்பா, நீங்க சண்டையே போடலைன்னு உங்களுக்கே தெரியுமல்ல?' என்று ஜோவிதா கேட்பாள்.

'தெரியும் கண்ணு. போடலை. ஆனாப் போட்டாச்சே,' என்பார் அமலதாஸ், பம்பு மோட்டார் ஒன்றைப் பிரித்துக்கொண்டே. தாத்தா காலத்துத் தொழிலுக்கே அவர் திரும்பியிருந்தார். 'அண்ணன்கூட எதிரெதிர உக்காந்து வேலை பார்த்தது கனாவாட்டம் இருக்குது. சண்டை கல்லாட்டம் இருக்குது. கல்லு இருக்கறப்ப கனாவைக் கட்டிக்கிட்டு என்ன பண்றது?'

பெரியப்பாவும் அப்படித்தான். கோயிலில் எதிரே வந்தால் வாய் திறக்கப் போகும், தாடை இறுகிக்கொள்ளும், திரும்பி மாதா சொரூபத்தைப் பார்த்து நின்றுவிடுவார். ஆனால் பெரியம்மா குளோரியைப் பற்றிப் படத்தில் ஒரு வார்த்தையும் வரவில்லை, அதனால் அவளுக்குச் சண்டையும் வரவில்லை. அவள்பாட்டுக்கு ஸ்டூல் போட்டு ஏறிச் சுவருக்கு மேலே மீன் குழம்பு நீட்டுவாள், இந்தப் பக்கத்திலிருந்து ஜோவிதாவின் அம்மா இட்லி மாவு நீட்டுவாள், இரண்டு பேரும் கன்னத்தைச் சுவரில் வைத்துக்கொண்டு ஊர்வம்பெல்லாம் பேசி முடிப்பார்கள்.

அப்படியிருக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஜோவிதா சும்மா இருக்கமாட்டாமல் பட்டறைச் சுவரில் நீட்டிக்கொண்டிருந்த கைப்பிடியைப் பிடித்துச் சுற்றினாள். சுவருக்குள் கரகரவென்று ஏதோ அரைபட்டது. அந்தப் பக்கம் பாத்திரம் விழுந்த சத்தம் கேட்டது.

'ஏனுங், இங்கெ வாங்க. சக்கரம் தானாச் சுத்துது,' என்று பெரியம்மா அலறினாள்.

'பெரியம்மா, நான்தான்.'

'நீயா? வயித்துல புளியைக் கரைச்சுட்டயே. எதுக்குடி வலப்பக்கமாச் சுத்தற, உங்கப்பன் இடப்பக்கம்தானே?'

ஜோவிதா தன் கையைப் பார்த்தாள். அவள் கை இடப்பக்கமாகத்தான் சுற்றிக்கொண்டிருந்தது. நிறுத்தினாள். மறுபடி சுற்றினாள். 'இப்ப எந்தப் பக்கம் பெரியம்மா?'

'வலப்பக்கம். நான் கண்ணாலதானே பார்க்கறேன்.'

சுவர் இல்லாத காலத்தில் அந்தச் சக்கரத்துக்கு அந்தப் பக்கம் ஒருவரும் இந்தப் பக்கம் ஒருவரும் எதிரெதிரே உட்கார்ந்து, ஆளுக்கொரு கைப்பிடியாக, இரண்டு பேரும் சேர்ந்து ஒரே சக்கரத்தைச் சுற்றியிருக்கிறார்கள். அண்ணன் அவர் பக்கமிருந்து பார்த்தால் வலம், தம்பி இவர் பக்கமிருந்து பார்த்தால் இடம். கேட்ட கேள்விக்கு இரண்டு பேரும் உள்ளதைத்தான் சொல்லியிருக்கிறார்கள். ஜோவிதா ஓடிப்போய் அப்பாவிடம் சொன்னாள், மூச்சு வாங்கச் சொன்னாள், கையால் காற்றில் சுற்றிக் காட்டியும் சொன்னாள். அவர் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு முழுக்கக் கேட்டார். கேட்டுவிட்டு, 'நல்லாருக்குது. இது யாரோட குரல் அம்மணி, சயின்ஸ் டீச்சரா?' என்றார்.

மூன்றாவது படம் இந்த நிலைமையில்தான் வந்தது. வைத்தீஸ்வரன் என்று ஒரு இளவயசு டைரக்டர், கறுப்புச் சட்டை, எப்போதும் போனில் பாதிக் காது. அவர் வந்து எடுத்துக்கொண்டு போய், சென்னையில் எல்லா வேலையையும் முடித்து, ஊருக்குக் காட்டுவதற்காகப் படத்தோடு திரும்பி வந்தார். கூடவே இந்தமுறை அந்தக் குரலும் வந்தது. முதல் படத்தில் மீசை வைத்த குரலும், இரண்டாவது படத்தில் சுவர் வைத்த குரலும் ஒரே ஆளுடையதுதான்: பரஞ்சோதி. வெள்ளை ஜிப்பா, நெற்றியில் சந்தனம், வெண்கல அண்டாவைக் கிணற்றுக்குள் வைத்துத் தட்டினமாதிரிக் குரல். மகத்துவம் ஹாலில் இருக்கிறதா, படத்தில் இருக்கிறதா, இவர் தொண்டையில் இருக்கிறதா என்று ஊரில் பெரிய விவாதமே உண்டு. அவருக்கோ ஒன்றும் தெரியாது. ஈமு கோழி வளர்ப்பு, சொட்டுநீர்ப் பாசனம், சோழர் கால ஏரி என்று அவர் பேசிய படங்கள் எண்ணிக்கையில் அடங்காது; பேசினதும் மறந்துவிடுவார்.

ஆறுச்சாமி வீட்டில் பிரியாணி. இலை போட்டு, பரிமாறி, ஊர்ப் பெரியவர்கள் சுற்றி நிற்க, ஜோவிதா தண்ணீர் ஊற்றிக்கொண்டே அவர் வாயையே பார்த்தாள். 'ழ' வரும்போது அவர் தாடையை எங்கே வைக்கிறார், வாக்கியம் முடியும்போது எப்படிப் படியிறங்குகிறார், எல்லாவற்றையும் உள்ளே வாங்கினாள்.

'படம் எப்படிங்க முடியுது?' என்று ஆறுச்சாமி பணிவாகக் கேட்டார்.

பரஞ்சோதி ஈரலை ஒதுக்கிவைத்துவிட்டு, தொண்டையைச் செருமி, கண்ணை மூடி, முழுக் குரலில் சொன்னார்: 'அந்தப் பிணக்கோடு... நாயகம் கிட்டாரின் குரல்... என்றென்றைக்குமாக அடங்கிப் போனது.'

பரிமாறின கரண்டியிலிருந்து தயிர்ப் பச்சடி சொட்டியது. என்றென்றைக்குமாக என்றால் என்ன என்று எல்லோருக்கும் தெரியும். நாளைக்குச் சாயங்காலம் அது ஹாலில் ஒலித்தால், நாளை மறுநாள் காலையில் தூத்துக்குடியிலும் கோலாரிலும் எந்தெந்தத் தேவாலயத்தில் எந்தெந்தக் கையில் நாயகம் கிட்டார் இருக்கிறதோ அத்தனையும் ஊமை. அண்ணனும் தம்பியும் என்றென்றைக்குமாக. ஜோவிதாவின் கையில் சொம்பு சாய்ந்து பரஞ்சோதியின் இலையெல்லாம் தண்ணீர் ஆனது.

ஆறுச்சாமியும் நான்கு பேரும் டைரக்டரைப் போய்ப் பார்த்தார்கள். சாக்கடை அடைத்துக்கொண்டால் கவுன்சிலரைப் பார்ப்பார்களே, அதே முகத்தோடு. 'தம்பி, அந்தக் கடைசி வரியை மட்டும் எடுத்துப்போடோணும்.'

'எடுத்துட்டு? படம் முடியணும்ல?'

'சும்மா முடிச்சுப்போடுங்க. நன்றி வணக்கம்னு போட்டு.'

'ஏங்க, அழகே அந்த முடிவுலதாங்க இருக்கு. ஒண்ணு செத்தாத்தான் ஜனங்க எந்திரிச்சு நின்னு கைதட்டுவாங்க.' போன் அடித்தது, போய்விட்டார்.

பரஞ்சோதியிடம் போனார்கள். அவர் வெற்றிலை போட்டுக்கொண்டு, 'எழுதிக் குடுத்ததைப் பேசறவன் நான். எழுதறவன்கிட்டப் போய்க் கேளுங்க,' என்றார். அதையும் எவ்வளவு கம்பீரமாகச் சொன்னார் என்றால், கேட்டவர்கள் தலையாட்டிவிட்டு வந்துவிட்டார்கள்.

அன்று சாயங்காலம் ஆறுச்சாமி கடையில் ஸ்பீக்கர்களைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, அவர் முதுகுக்குப் பின்னால் பரஞ்சோதியின் குரல் கேட்டது: 'போத்தனூரின் புகழ்பெற்ற ஒலிபெருக்கிக் கலைஞர்... ஆறுச்சாமி... வேட்டியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டியிருந்தார்.' ஆறுச்சாமி அவசரமாக வேட்டியை இறக்கிவிட்டு, 'வாங்க சார், உக்காருங்க,' என்று திரும்பினால், ஜோவிதா நின்றிருந்தாள்.

அவர் அப்படியே ஸ்பீக்கர் பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டார்.

'ஆறுச்சாமியண்ணே, படத்துல வேற ஆளுக பேசறதும் இவர் பேசறதும் தனித்தனி லைன்லதானே வருது?'

'ஆமா அம்மணி. இந்தில பேசறதுக்கு, இங்கிலீஸ்ல பேசறதுக்கெல்லாம் மாத்தோணுமல்ல. அவரு குரலு தனி லைனு.'

'அந்த லைனை இறக்கிட்டு, திரைக்குப் பின்னால எனக்கொரு மைக்கு குடுப்பீங்களா?'

ஆறுச்சாமி துடைத்த துணியைத் தோளில் போட்டுக்கொண்டார். அலமாரியில் வரிசையாக இருந்த, தான் வாங்காத, ஆனால் தன்னுடைய பழைய புனல் ஸ்பீக்கர்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். 'அந்தாளு தொண்டையிலதான் மகத்துவம்னா, நீ பேசினாப் பலிக்காதல்ல அம்மணி.'

'பலிக்கலைன்னா, கிட்டார் ஊமையாகவும் ஆகாதல்ல?'

'அதும் சரிதான்,' என்றார் ஆறுச்சாமி. 'எக்கோ கொஞ்சம் சேர்த்து வைக்கட்டுமா?'

'வேண்டாம்ணே. அவருக்கு எக்கோ உள்ளேயே இருக்குது.'

மறுநாள் சாயங்காலம் ஹாலில் உட்கார இடமில்லை. ஜன்னல் திட்டிலெல்லாம் ஆள். இடது பக்கம் அமலதாஸ், வலது பக்கம் சவரிராஜ், நடுவே ஒரு வரிசை நாற்காலி யாரும் உட்காராமல் கிடந்தது. முன்வரிசையில் மாலையோடு பரஞ்சோதி, அவர் பக்கத்தில் வைத்தீஸ்வரன். திரைக்குப் பின்னால், துணியில் திருப்பிப் போட்டமாதிரி தெரிகிற படத்தைப் பார்த்தபடி, மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஜோவிதா.

படம் ஓடியது. தண்டவாளம், பம்புசெட், மீசை வைத்த போட்டோ. அன்று மத்தியானம் முழுக்க ஆறுச்சாமி அவளுக்குப் படத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டிக் காட்டியிருந்தார், அதனால் டைரக்டர் எழுதியதையே அவள் வார்த்தை பிசகாமல் பேசினாள். பரஞ்சோதியோ கண்ணை மூடித் தலையை அசைத்து அசைத்துத் தன்னையே கேட்டுக்கொண்டிருந்தார். நடுவில் ஒருமுறை வைத்தீஸ்வரன் பக்கம் சாய்ந்து, 'குரல் இன்னிக்கு நல்லா விழுந்திருக்கு, கவனிச்சீங்களா?' என்றார்.

சுவரைக் காட்டினார்கள். இந்தப் பக்கக் கைப்பிடி, அந்தப் பக்கக் கைப்பிடி. எழுதிக்கொடுத்ததில் கடைசி வரி ஒன்றுதான் பாக்கி, அதை விட்டுவிட்டு ஜோவிதா தன் வரிகளைப் பேசிக்கொண்டே போனாள்.

'வலமா, இடமா? முந்தைய படம் ஒன்றில் இந்தக் குரல் அவசரப்பட்டு ஒரு பிணக்கைச் சொல்லிவிட்டது. பிணக்கு எங்கே? ஒரே சக்கரம். அதன் அந்தப் பக்கத்தில் அண்ணன், இந்தப் பக்கத்தில் தம்பி. கைகள் நான்கு, சுற்று ஒன்று. அண்ணன் கண்ணுக்கு அது வலமாகச் சுற்றியது, தம்பி கண்ணுக்கு இடமாகச் சுற்றியது. சுற்றச் சுற்ற அவர்கள் பேசிக்கொண்டே இருந்தார்கள். அந்தப் பேச்செல்லாம் செம்புக்கம்பியோடு சேர்ந்து சுற்றிக்கொண்டதால்தான், நாயகம் கிட்டாரின் ஒரு தந்தியைத் தட்டினால், பால் ஆறும்வரை அது பேசிக்கொண்டே இருக்கிறது.'

ஹாலில் பட்டென்று கைதட்டல் வெடித்தது. வைத்தீஸ்வரன் போனைக் கீழே வைத்தார். 'சார், இது நான் எழுதினது இல்லையே.'

பரஞ்சோதி கைதட்டலைக் கேட்டார். சுற்றித் திரும்பிப் பார்த்து, கும்பிட்டார். எத்தனையோ படம் பேசியாயிற்று, எதை எங்கே பேசினோம் என்று யாருக்குத் தெரியும். 'அந்த இடத்துல மனசுக்குப் பட்டது தம்பி,' என்றார் பெருந்தன்மையாக. 'பேசிட்டேன். நல்லா வந்திருக்கில்ல?'

பதிந்த குரல் ஊருக்குள் போய்ச் சேர ஒரு ராத்திரி ஆகும், அதுதான் அதுவரைக்கும் வழக்கம். நேராகத் தொண்டையிலிருந்து வருகிற குரலுக்கு அவ்வளவு நேரம் பிடிக்காது போலிருக்கிறது. இடது பக்கத்தில் அமலதாஸ் எழுந்து நின்றார். வாயைத் திறந்தார். தாடை இறுகவில்லை. இன்னும் கொஞ்சம் திறந்து பார்த்தார்.

'அண்ணே,' என்றார்.

படத்தில் அதுபாட்டுக்கு ரயில் போய்க்கொண்டிருந்தது.

சவரிராஜ் திரும்பினார். மாதா சொரூபத்தைத் தேடின கண், ஹாலில் சொரூபம் எதுவும் இல்லாததால், தம்பிமேலேயே வந்து நின்றது. 'என்றா தம்பி?'

'அன்னிக்குச் சக்கரத்தைச் சுத்தறப்ப, நீ பாதி நேரம் கைப்பிடியைச் சும்மா புடிச்சுக்கிட்டிருந்த. நான் ஒருத்தன்தான் சுத்தினேன். இத்தனை வருசமா இதைச் சொல்லோணும்னு இருந்தேன்.'

'நானா?' சவரிராஜ் நடுவரிசை நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு வந்தார். 'நீ சுத்தினதா? உனக்கு மத்தியானச் சோறு தின்னாத் தூக்கம் சொக்கும்டா. நீ கைப்பிடியைப் புடிச்சுக்கிட்டே தூங்குவ, உன்ற கையையும் சேர்த்து நான்தான் சுத்துவேன்.'

'கேளுங்கய்யா கதையை.'

'அண்ணியக் கேளு. தூங்கறவன் கையையும் சேர்த்துச் சுத்தினா தோளு வலிக்காதா? தைலம் தேச்சுவிட்டது யாரு?'

'நான்தான் தேச்சேன்,' என்று பெண்கள் பக்கத்திலிருந்து குளோரி கத்தினாள். 'ஆனா ரெண்டு பேருமே தூங்குவீங்க. சக்கரத்தைச் சுத்தினது பாதி நாளு நானும் அவளும்தான்.' ஜோவிதாவின் அம்மா புடவை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பட்டறைப் பக்கமிருந்து ஆள் ஓடி வந்தது. சுவர் இல்லையாம். இடிந்த கல் இல்லை, தூசி இல்லை, அரசங்கன்று மட்டும் முற்றத்து நடுவில் தரையில் நட்டமாதிரி நிற்கிறதாம், சக்கரம் சுற்றிக்கொண்டிருக்கிறதாம். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 'சரி, நாளைக்குக் கம்பி வாங்கோணும்,' என்றார் அமலதாஸ். 'மரம் பார்க்கோணும்,' என்றார் சவரிராஜ். 'முதல்ல தூங்காம வேலை பார்க்கோணும்,' என்றாள் குளோரி.

திரைக்குப் பின்னால் ஜோவிதா இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். கேட்கக் கேட்க அவளுக்கு அடிவயிற்றிலிருந்து ஒன்று கிளம்பியது. பல்லைக் கடித்தாள். கன்னத்தை உள்ளே இழுத்துக்கொண்டாள். ஆறுச்சாமி மைக்கை அணைக்கச் சைகை செய்தார், அவள் கண்ணில் நீர் முட்டியிருந்ததால் தெரியவில்லை. ஒருவர் குரலுக்குள் அவ்வளவு நேரம் இருந்துவிட்டால் அதிலிருந்து சட்டென்று வெளியே வர முடியாது. அது வந்தபோது பரஞ்சோதியின் குரலில்தான் வந்தது.

ஆறுச்சாமியின் அத்தனை ஸ்பீக்கரிலும், பழையதிலும் புதியதிலும், கிணற்றுக்குள் இருந்த வெண்கல அண்டா உருண்டு உருண்டு மேலே வந்து வாசலெல்லாம் புரண்டமாதிரி அந்தச் சிரிப்பு வந்தது. கூரை ஆடியது. புறாக்கள் எழும்பின. ஈமு கோழி முதல் சோழர் ஏரிவரை அந்தக் குரல் எதற்கும் சிரித்ததில்லை. வீட்டில் பேரக்குழந்தை பரஞ்சோதியின் மடியில் ஏறி நெற்றிச் சந்தனத்தை நக்கியபோதுகூட உதடு லேசாக அசைந்ததோடு சரி. அப்படிப்பட்ட குரல் சிரித்தது, மூச்சு வாங்கியது, 'அய்யோ' என்றது, மறுபடி சிரித்தது. ஜனங்களும் சேர்ந்து சிரித்தார்கள். அண்ணனும் தம்பியும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

'சார்,' என்றார் வைத்தீஸ்வரன், 'நீங்க எப்ப சார் சிரிச்சீங்க?'

பரஞ்சோதி அவர் பக்கம் திரும்பினார். மனசுக்குப் பட்டது, சிரித்துவிட்டேன் என்று சொல்லத்தான் வாயெடுத்தார். மாலையை விலக்கிக்கொண்டு கையை மெல்ல உயர்த்தி, தன் உதட்டைத் தொட்டுப் பார்த்தார். சிரிப்பு ஹால் முழுக்கப் போய்க்கொண்டிருந்தது. வாய் மூடித்தான் இருந்தது.